பண்பலையின் தந்தை எட்வின் ஆம்ஸ்ட்ராங்

நுழையும்முன்

வானொலிப் பெட்டியின் முகப்பில் இரண்டு அளவுகோல்கள் இருக்கும். ஒன்று மத்திய அலைக்கு உரியது. மற்றொன்று பண்பலைக்கு உரியது. சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்புக்கு உரிய அதிர்வெண் 720 கிலோஹெர்ட்ஸ். பண்பலை நிலையங்களோ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்குகின்றன. ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பது ஆயிரம் கிலோஹெர்ட்ஸ். எனவே, மத்திய அலையைக் காட்டிலும் ஏறத்தாழ நூறு மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணில் பண்பலை ஒலிபரப்பாகிறது. இந்த இடைவெளி ஏன்? அதிர்வெண் உயர்ந்திருப்பதால்தான் பண்பலை தெளிவாகக் கேட்கிறதா? இவ்வினாக்களுக்கான விடையில் ஒரு பகுதி இயற்பியலில் உள்ளது. மற்றொரு பகுதி எட்வின் ஹோவர்டு ஆம்ஸ்ட்ராங் என்னும் பொறியாளரின் வாழ்க்கையில் உள்ளது.

இளமைக் காலம்

எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1890 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஆம்ஸ்ட்ராங், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றியவர். தாய் எமிலி, பள்ளி ஆசிரியர். நூல்கள் நிறைந்த இல்லத்தில் எட்வின் வளர்ந்தார்.

சிறுவயதில் அவரை நரம்பு நோய் ஒன்று தாக்கியது. முகமும் தோளும் தாமாகவே துடிக்கும் அந்நோயால் அவர் இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. நோய் தணிந்த பின்னும், மனம் கலங்கும் வேளைகளில் அந்தத் துடிப்பு வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. வீட்டில் தனித்திருந்த நாள்களில் நூல்களே அவருக்குத் துணையாயின. மைக்கேல் ஃபாரடே, மார்க்கோனி ஆகியோரின் வரலாறுகளைப் படித்த சிறுவன், தானும் ஒரு கண்டுபிடிப்பாளன் ஆவதென உறுதி பூண்டான்.

பின்னர் அக்குடும்பம் ஹட்சன் ஆற்றை நோக்கியிருந்த யாங்கர்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வீட்டின் மாடியறை எட்வினின் ஆய்வுக்கூடமாயிற்று. தொலைவிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பெறுவதற்காக, 1910 இல் வீட்டின் அருகே 125 அடி உயரக் கம்பம் ஒன்றைத் தம் கைகளாலேயே நிறுவினார். அதன் உச்சிவரை அச்சமின்றி ஏறிப் பணி செய்வார். உயரங்கள் மீதான இந்த ஈடுபாடு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

மாணவரின் முதற்கண்டுபிடிப்பு

பள்ளிப் படிப்பை முடித்த ஆம்ஸ்ட்ராங், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே புகழ்பெற்ற பேராசிரியர் மைக்கேல் புப்பின் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். நூலில் உள்ளதை அப்படியே ஏற்காமல், செய்து பார்த்த பின்னரே ஏற்கும் இயல்பு ஆம்ஸ்ட்ராங்கிடம் மாணவப் பருவத்திலேயே இருந்தது.

அக்காலத்தில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் ஆடியான் என்னும் வெற்றிடக் குழாயை உருவாக்கியிருந்தார். அது 1906 இல் உருவானது. எனினும், அது எவ்வாறு செயற்படுகிறது என்பதை அதை உருவாக்கியவரே தெளிவாக அறிந்திருக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் அக்குழாயை ஆராய்ந்து, அதன் செயல்முறையை அளந்து விளக்கினார். 1912 இல் அவருக்கு ஒரு புதிய எண்ணம் தோன்றியது. குழாயிலிருந்து வெளிவரும் மின்னலையின் ஒரு பகுதியை மீண்டும் அதன் உள்ளீட்டிலேயே செலுத்தினால், அது மேலும் பெருக்கம் பெறும். பெருகியதைத் திரும்பவும் செலுத்தினால், இன்னும் பெருகும். இவ்வாறு பலமுறை பெருக்கப்பட்டதால், முன்பு காதுக்குழலில் மெல்லக் கேட்ட ஒலி, அறை முழுவதும் கேட்கும் அளவுக்கு ஓங்கியது. இதுவே மீளூட்டச் சுற்று எனப்படுகிறது. மீளூட்டம் ஓர் எல்லையைக் கடந்தால், குழாயே வானொலி அலைகளைத் தோற்றுவிக்கும் என்பதையும் அவர் கண்டார். அலைகளைப் பெறுவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே குழாய் பயன்படும் என்பது வானொலித் துறையில் பெரும் திருப்பமாயிற்று.

ஆம்ஸ்ட்ராங் 1913 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1914 இல் அது வழங்கப்பட்டது. 1914 ஜனவரியில், நியூஜெர்சி மாநிலத்தின் பெல்மார் வானொலி நிலையத்தில், கடுங்குளிர் நிறைந்த ஓர் இரவு முழுவதும் அவர் தம் கருவியை இயக்கிக் காட்டினார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்த நிலையங்களின் ஒலிகளும் பசிபிக் கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவின் ஒலிகளும் அங்கே கேட்டன. அந்த இரவில் உடனிருந்தவர் டேவிட் சர்னாஃப் என்னும் இளைஞர். பிற்காலத்தில் ஆர்.சி.ஏ. எனப்படும் அமெரிக்க வானொலிக் கழகத்தின் தலைவராக உயர்ந்தவர் அவரே. அன்று தொடங்கிய நட்பு இருவரையும் நெடுங்காலம் பிணைத்திருந்தது.

போர்க்காலமும் புகழும்

முதல் உலகப் போரின்போது ஆம்ஸ்ட்ராங் அமெரிக்கத் தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவில் அதிகாரியாகப் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். பகை விமானங்களின் எஞ்சின்களிலிருந்து எழும் மிகவும் நலிந்த மின்னலைகளைக் கண்டறிய முடியுமா என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையின் விளைவாக 1918 இல் சூப்பர்ஹெட்டரோடைன் என்னும் அலைவாங்கி முறையை வடிவமைத்தார். வந்து சேரும் அலை எந்த அதிர்வெண்ணில் இருந்தாலும், அதை முதலில் ஒரு குறிப்பிட்ட இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றி, அதன் பின்னர்ப் பெருக்குவது இம்முறையாகும். ஒரே ஒரு திருகைத் திருப்பி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் எளிமையை வானொலிப் பெட்டிக்குத் தந்தது இதுவே. பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருதளித்துச் சிறப்பித்தது. படையில் அவர் பெற்ற மேஜர் என்னும் பதவிப் பெயராலேயே நண்பர்கள் அவரைப் பிற்காலத்திலும் அழைத்தனர்.

போருக்குப் பின்னர் வானொலித் தொழில் விரைந்து வளர்ந்தது. தம் காப்புரிமைகளை விற்றதால் ஆம்ஸ்ட்ராங் பெருஞ்செல்வர் ஆனார். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பங்குகளைத் தனிமனிதர்களுள் மிகுதியாக வைத்திருந்தவர் அவரே. 1923 இல், சர்னாஃபின் செயலராகப் பணியாற்றிய மேரியன் மெக்கின்னிஸை மணந்தார். எங்கும் எடுத்துச் செல்லத்தக்க சூப்பர்ஹெட்டரோடைன் வானொலி ஒன்றைத் தாமே செய்து மணமகளுக்குப் பரிசாக அளித்தார்.

ஆனால், மீளூட்டச் சுற்றின் உரிமை குறித்து டி ஃபாரஸ்ட் தரப்போடு எழுந்த வழக்கு, பல்லாண்டுகள் நீடித்தது. தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ராங்குக்குச் சார்பாக வந்த தீர்ப்பு பின்னர் மாறியது. 1934 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட்டுக்குச் சார்பாக இறுதித் தீர்ப்பளித்தது. தொழில்நுட்ப நுணுக்கத்தை நீதிமன்றம் உரியவாறு புரிந்துகொள்ளவில்லை என்பது பொறியாளர் பலரின் கருத்து. இக்கண்டுபிடிப்புக்காக வானொலிப் பொறியாளர் கழகம் தமக்கு முன்பு அளித்திருந்த பதக்கத்தைத் திருப்பித் தர அவர் முன்வந்தார். கழகமோ அதை ஏற்க மறுத்து, பதக்கம் அவருக்கே உரியது என்று மீண்டும் உறுதி செய்தது. கூடியிருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கைதட்டினர். சட்டம் மறுத்ததைத் துறையறிந்தோர் வழங்கினர்.

இரைச்சல் என்னும் இடையூறு

வானொலி பரவிய அந்நாள்களில் அனைவரையும் வருத்திய குறை ஒன்று இருந்தது. மின்னல் வெட்டினால் வானொலியில் கரகரப்பு எழும். அருகில் ஒரு மின்மோட்டார் ஓடினாலும், டிராம் வண்டி கடந்து சென்றாலும் பாட்டுக்கிடையே இரைச்சல் புகும். இந்த இரைச்சலை நீக்கும் வழியைப் பேராசிரியர் புப்பினுடன் சேர்ந்து ஆம்ஸ்ட்ராங் பல்லாண்டுகள் தேடினார். வடிகட்டிகள் பலவற்றைச் செய்து பார்த்தும் பயனில்லை. இரைச்சலோடு பேச்சும் இசையும் சேர்ந்தே வடிந்தன.

இதன் காரணத்தை அறிய வானொலி ஒலிபரப்பின் அடிப்படையை அறிதல் வேண்டும். மனிதக் குரலைத் தொலைவுக்குச் சுமந்து செல்லும் அலைக்கு ஊர்தி அலை என்று பெயர். குரலின் ஏற்ற இறக்கத்தை ஊர்தி அலையில் பதிப்பதே பண்பேற்றம். குரலுக்கேற்ப ஊர்தி அலையின் வீச்சு, அதாவது அதன் உயரம், கூடியும் குறைந்தும் வருமாறு செய்வது வீச்சுப் பண்பேற்றம். மத்திய அலை நிலையங்கள் பின்பற்றுவது இம்முறையையே. மின்னலும் மின்பொறியும் அலையின் வீச்சையே கூட்டுகின்றன, குறைக்கின்றன. வீச்சில் ஏற்பட்ட மாற்றம் பாடகரின் குரலால் வந்ததா, மின்னலால் வந்ததா என்பதைப் பெட்டியால் பிரித்தறிய இயலாது. இரண்டையும் அது ஒலியாக்கித் தந்துவிடும்.

வீச்சை மாற்றாமல் நிலையாக வைத்து, குரலுக்கேற்ப அலையின் அதிர்வெண்ணை மட்டும் சிறிது கூட்டியும் குறைத்தும் ஒலிபரப்பினால் என்ன? இதுவே அதிர்வெண் பண்பேற்றம், சுருக்கமாகப் பண்பலை. இந்த எண்ணம் ஆம்ஸ்ட்ராங்குக்கு முன்பே பிறருக்கும் தோன்றியதுதான். ஆனால் அவர்கள் அனைவரும், ஓர் அலைவரிசைக்குள் மேலும் பல நிலையங்களை நெருக்கி அமைக்கலாம் என்னும் நோக்கத்தோடு, அதிர்வெண்ணை மிகக் குறுகிய அளவில் மாற்றிப் பார்த்தனர். 1922 இல் ஜான் கார்சன் என்னும் கணித வல்லுநர், அம்முறையால் இடம் மிச்சமாகாது என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கு சரியானதே. அதனால் பண்பலையால் பயனில்லை என்று பொறியாளர் பலரும் அதைக் கைவிட்டனர்.

அகலம் தேடிய பயணம்

ஆம்ஸ்ட்ராங் எதிர்த்திசையில் சிந்தித்தார். இடத்தைச் சுருக்குவதை விட்டு, தாராளமாக விரித்துப் பார்த்தார். அதிர்வெண்ணின் ஊசலாட்டம் குறுகியதாக இருந்தால், இரைச்சல் உண்டாக்கும் சிறு அசைவும் அதில் பெரிதாகத் தெரியும். ஊசலாட்டம் விரிந்ததாக இருந்தால், அந்தச் சிறு அசைவு அதற்குள் பொருட்டாகாமல் அடங்கிவிடும். அதோடு, பெட்டிக்குள் வரும் அலையின் வீச்சை ஒரே மட்டமாக வெட்டிச் சமன்செய்யும் சுற்று ஒன்றையும் அவர் சேர்த்தார். மின்னல் ஏற்றிய மேடுகள் அந்தச் சுற்றிலேயே களையப்பட்டன. 1933 இல் இம்முறைக்கான காப்புரிமைகளை அவர் பெற்றார்.

தெளிவைப் பெற்ற இம்முறைக்கு ஒரு விலை இருந்தது. அதுவே பட்டை அகலம். அமெரிக்காவில் மத்திய அலை நிலையம் ஒன்றுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் இடம் ஒதுக்கப்பட்டது. அகன்ற பட்டைப் பண்பலை நிலையம் ஒன்றுக்கோ 200 கிலோஹெர்ட்ஸ் தேவைப்பட்டது. மத்திய அலைப் பகுதி முழுவதும், 550 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை, ஏறத்தாழ 1050 கிலோஹெர்ட்ஸ் அகலமே உடையது. அங்குள்ள நிலையங்கள் அனைத்தையும் அகற்றிவிட்டாலும், ஓர் ஊரில் ஐந்து பண்பலை நிலையங்களுக்குத்தான் இடமிருக்கும். உண்மையில் அப்பகுதி 1930களிலேயே நிலையங்களால் நிரம்பியிருந்தது. எனவே ஆம்ஸ்ட்ராங், இடம் பரந்து கிடந்த உயர் அதிர்வெண் பகுதியை நாடினார்.

அப்பகுதிக்கு வேறு நன்மைகளும் இருந்தன. மத்திய அலைகள் இரவில் அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு நெடுந்தொலைவு செல்லும். அதனால் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் இரு ஊர்களின் நிலையங்கள் இரவில் ஒன்றோடொன்று கலந்து குழப்பும். மிகுந்த அதிர்வெண் உடைய அலைகள் பெரும்பாலும் அயனி மண்டலத்தை ஊடுருவி விண்வெளிக்குச் சென்றுவிடும். தரையில் ஏறத்தாழ நேர்க்கோட்டில் தொடுவானம் வரையிலும் அதற்குச் சற்று அப்பாலும் மட்டுமே எட்டும். ஆகவே ஓர் ஊருக்கு அளித்த அதிர்வெண்ணைத் தொலைவிலுள்ள மற்றோர் ஊருக்கும் அளிக்கலாம். மின்னலால் எழும் இயற்கை இரைச்சலும் அங்கே குறைவு. ஒரே ஒரு தேவை எழுந்தது: அலைபரப்பும் கம்பம் உயரமான இடத்தில் நிற்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பண்பலை தெளிவாகக் கேட்பதற்கு உயர்ந்த அதிர்வெண் முதன்மைக் காரணம் அன்று. விமானிகளும் கட்டுப்பாட்டு நிலையமும் பேசிக்கொள்ளும் வானொலி, பண்பலைப் பகுதிக்கு மேலே 118 மெகாஹெர்ட்ஸ் முதல் தொடங்குகிறது. ஆனால் அது பின்பற்றுவது வீச்சுப் பண்பேற்றத்தையே. பண்பலையின் தெளிவுக்குக் காரணம் அதிர்வெண் பண்பேற்றமும் பட்டையின் அகலமும் ஆகும். அந்த அகலத்திற்கு உயர் அதிர்வெண் பகுதியில்தான் இடம் கிடைத்தது. 88 முதல் 108 வரையுள்ள 20 மெகாஹெர்ட்ஸில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள நூறு அலைவரிசைகளை அமைக்கலாம்.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆய்வு

தம் கண்டுபிடிப்பை ஆம்ஸ்ட்ராங் முதலில் நண்பர் சர்னாஃபிடம் காட்டினார். இரைச்சலை அடக்கும் சிறு கருவி ஒன்றையே சர்னாஃப் எதிர்பார்த்திருந்தார். அவர் கண்டதோ, இருக்கும் ஒலிபரப்பிகளையும் பெட்டிகளையும் முற்றிலும் மாற்ற வேண்டிய ஒரு புதிய முறை. ஆயினும், அன்று உலகிலேயே உயரமான எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85 ஆம் தளத்திலிருந்த ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தை ஆய்வுக்காக அவர் அளித்தார்.

1934 ஜூன் 9 ஆம் நாள் அங்கிருந்து முதல் ஒலிபரப்பு நிகழ்ந்தது. லாங் ஐலண்டு கடற்கரையில், ஏறத்தாழ 65 மைல் தொலைவில் அது பெறப்பட்டது. ஒரே இசையை இரு முறைகளிலும் அனுப்பி ஒப்பிட்டனர். வீச்சுப் பண்பேற்றத்தில் வந்த இசையில் இரைச்சல் மிகுந்திருந்தது. பண்பலையில் வந்த இசை தெளிவாக ஒலித்தது. பின்னர் இடிமழைக் காலத்திலும் அத்தெளிவு குன்றவில்லை. இத்தனை வெற்றிக்குப் பின்னும், 1935 இல் தொலைக்காட்சி ஆய்வுக்கு அவ்விடம் தேவைப்படுகிறது என்று கூறி, அவருடைய கருவிகளை அகற்றிக்கொள்ளுமாறு நிறுவனம் கேட்டுக்கொண்டது. நட்பில் விழுந்த முதல் விரிசல் இது.

அதே ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள், நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர் கழகக் கூட்டத்தில் ஆம்ஸ்ட்ராங் உரையாற்றினார். உரையின் ஊடே, யாங்கர்ஸில் ஒரு நண்பரின் வீட்டிலிருந்து பண்பலையில் அனுப்பிய ஒலிகள் அரங்கில் கேட்டன. தண்ணீரைக் குவளையில் ஊற்றும் ஓசையும் தாளைக் கசக்கும் ஓசையும் கூட அருகில் நிகழ்வதுபோலக் கேட்டன. நிசப்தம் என்பதையே வானொலியில் அதுவரை கேட்டிராத பொறியாளர்களுக்கு, ஒலிகளுக்கு இடையே நிலவிய அமைதியே பெருவியப்பாக இருந்தது.

ஆல்பைன் கோபுரம்

பெருநிறுவனங்கள் ஆதரவளிக்க முன்வராத நிலையில், ஆம்ஸ்ட்ராங் தம் பங்குகளை விற்றுத் தாமே ஒரு நிலையம் அமைத்தார். நியூஜெர்சியின் ஆல்பைன் என்னும் ஊரில், ஹட்சன் ஆற்றங்கரைச் செங்குத்துப் பாறைகளின் மேல், 400 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், மூன்று குறுக்குக் கைகளோடு கோபுரம் எழுந்தது. 1939 இல் அங்கிருந்து 42.8 மெகாஹெர்ட்ஸில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. நியூ இங்கிலாந்துப் பகுதியிலும் பண்பலை நிலையங்கள் தோன்றின. வானொலிப் பெட்டி செய்யும் நிறுவனங்கள் உரிமைத்தொகை செலுத்திப் பண்பலைப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கின.

1940 இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைப் பண்பலைக்கு ஒதுக்கியது. 1941 ஜனவரி முதல் வணிக ஒலிபரப்புக்கும் இசைவளித்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் பத்து இலட்சம் டாலரை ஒரே தவணையில் தந்து, இனி உரிமைத்தொகை ஏதுமின்றிப் பண்பலையைப் பயன்படுத்த விரும்பியது. சிறு நிறுவனங்கள் முறையாக உரிமைத்தொகை செலுத்தி வரும்போது, பெரிய நிறுவனத்திற்கு மட்டும் தனிச்சலுகை அளிப்பது முறையன்று எனக் கருதிய ஆம்ஸ்ட்ராங் அதை ஏற்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பண்பலை பெரும்பணி ஆற்றியது. ஓடும் பீரங்கி வண்டிகளுக்குள், எஞ்சின் பொறிகளின் இரைச்சலுக்கு இடையிலும் கட்டளைகள் தெளிவாகக் கேட்டன. போர்க்காலம் முழுவதும் தம் காப்புரிமைகளை அமெரிக்கப் படைகள் கட்டணமின்றிப் பயன்படுத்த ஆம்ஸ்ட்ராங் இசைவளித்தார். 1946 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை அறிஞர்கள் ராடார் அலையை நிலவின்மேல் செலுத்தி, அதன் எதிரொலியைப் பெற்றனர். 111.5 மெகாஹெர்ட்ஸில் நிகழ்ந்த அம்முயற்சிக்கு ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த கருவி பயன்பட்டது. உயர் அதிர்வெண் அலைகள் அயனி மண்டலத்தைக் கடந்து செல்லும் என்பதற்கு இது கண்கூடான சான்றாயிற்று.

இடம்பெயர்ந்த அலைவரிசை

போர் முடியும் தறுவாயில் பண்பலைக்குப் புதிய இடர் வந்தது. 1945 ஜூன் மாதம் ஆணையம், 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த பண்பலையை 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மாற்ற முடிவெடுத்தது. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் பழைய பகுதியின் அலைகள் அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு, தொலைதூர நிலையங்களைக் குழப்பும் என்பது ஆணையம் கூறிய காரணம். அத்தகைய இடையூறு சிறிதளவே நேரும் என்று, தம் பல்லாண்டு அனுபவத்தைச் சான்றாக வைத்து ஆம்ஸ்ட்ராங் வாதிட்டார். அவர் வாதம் எடுபடவில்லை. பண்பலை நீங்கிய பகுதியில் ஒரு பங்கு, அத்தகைய இடையூற்றால் எளிதில் பாதிக்கப்படும் தொலைக்காட்சிக்கே ஒதுக்கப்பட்டது.

இம்மாற்றத்தால் மக்கள் வாங்கி வைத்திருந்த இலட்சக்கணக்கான பண்பலைப் பெட்டிகள் பயனற்றுப்போயின. ஒலிபரப்பிகளைப் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. வளர்ந்து வந்த ஒரு தொழில், மீண்டும் தொடக்கப் புள்ளியில் வந்து நின்றது. பண்பலை இன்று 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதற்கு இந்த ஆணையே காரணம். மத்திய அலைப் பகுதியிலிருந்து 40 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறியதற்குப் பட்டை அகலத்தின் தேவையே காரணமாக இருந்தது. அங்கிருந்து 88 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறியது, சான்றுகள் குறித்து அறிஞர்கள் மாறுபட்டு நின்றபோது அரசு எடுத்த முடிவால் நேர்ந்தது.

நீதிமன்றத்தில் கழிந்த ஆண்டுகள்

இதற்கிடையில் தொலைக்காட்சி பரவியது. அதன் ஒலி பண்பலை முறையிலேயே அனுப்பப்பட்டது. ஆர்.சி.ஏ. உள்ளிட்ட பல நிறுவனங்கள் அதற்கான உரிமைத்தொகையைச் செலுத்தவில்லை. பண்பலையைத் தாங்களே தனியாக உருவாக்கியதாக ஆர்.சி.ஏ. கூறியது. 1948 இல் ஆம்ஸ்ட்ராங் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்.

விசாரணைக்கு முந்தைய வாக்குமூலங்களே ஆண்டுக்கணக்கில் நீண்டன. ஆம்ஸ்ட்ராங்கிடம் மட்டுமே ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வினாக்கள் தொடுக்கப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் கழிய வேண்டிய நாள்கள் வழக்கறிஞர் அறைகளில் கழிந்தன. இதனிடையே அவருடைய அடிப்படைக் காப்புரிமைகளின் காலமும் முடிவடைந்தது. செல்வம் கரைந்தது, உடல் தளர்ந்தது. முப்பதாண்டு இணைபிரியாதிருந்த மனைவியும் மனவேறுபாட்டால் பிரிந்து சென்று உறவினர் வீட்டில் தங்கினார். தனிமையில் துன்புற்ற ஆம்ஸ்ட்ராங், 1954 ஜனவரி 31 ஆம் நாள் இரவு தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு அகவை 63.

அறிவியல் உலகம் வருந்திய முடிவு இது. சுமையைத் தனியே சுமந்த அவருக்கு, அதைப் பகிர்ந்துகொள்ள ஒருவர் அந்நாளில் அருகில் இல்லை. தோற்றுப்போனதாக அவர் கருதிய போராட்டம் உண்மையில் தோற்றிருக்கவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

காலம் அளித்த விடை

மேரியன் ஆம்ஸ்ட்ராங் வழக்குகளைக் கைவிடவில்லை. அதே 1954 ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. எஞ்சிய நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளையும் அவர் ஒவ்வொன்றாக நடத்தினார். 1967 இல் கடைசி வழக்கும் அவருக்குச் சார்பாக முடிந்தது. அகன்ற பட்டைப் பண்பலையின் கண்டுபிடிப்பாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், அத்துறையின் முன்னோடிகள் வரிசையில் அவர் பெயரையும் சேர்த்தது.

1961 இல் அமெரிக்கா, இருவழி ஒலியான ஸ்டீரியோவைப் பண்பலையில் ஒலிபரப்ப இசைவளித்தது. அகன்ற பட்டை இருந்ததாலேயே அது இயன்றது. 1970களின் இறுதியில் அந்நாட்டில் பண்பலை கேட்போர் தொகை, மத்திய அலை கேட்போர் தொகையை விஞ்சியது. ஆல்பைன் கோபுரம் இன்றும் நிற்கிறது. 2001 செப்டம்பரில் உலக வணிக மையக் கட்டடங்கள் தகர்ந்து, அவற்றின் உச்சியிலிருந்த அலைபரப்பிகள் அழிந்தபோது, நியூயார்க்கின் தொலைக்காட்சி நிலையங்கள் சில அக்கோபுரத்திலிருந்தே தற்காலிகமாக ஒளிபரப்பின.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 ஆம் நாள் சென்னையில் தொடங்கியது. இன்று தமிழகத்தில் பண்பலை ஒலிக்காத ஊர் அரிது. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோடைப் பண்பலை, மதுரை, திண்டுக்கல், தேனி எனச் சமவெளி மாவட்டங்கள் பலவற்றிலும் கேட்கிறது. நேர்க்கோட்டில் செல்லும் அலைக்கு மலையின் உயரம் துணைசெய்கிறது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் ஆல்பைன் பாறைகளின் மேலும் ஆம்ஸ்ட்ராங் தேடிய உயரமும் இத்தகையதே.

கணக்கு ஒன்றைக் காட்டி மற்றவர்கள் ஒதுக்கிய வழியை, அக்கணக்கு எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று ஆராய்ந்து பார்த்தவர் ஆம்ஸ்ட்ராங். இடம் குறைய வேண்டும் என்று எல்லோரும் எண்ணிய காலத்தில், இடத்தை விரித்தால் தெளிவு பிறக்கும் என்று செய்து காட்டினார். இடிமழை இரவிலும் பாடலைப் பிசிறின்றிக் கேட்கும் ஒவ்வொருவரும் அவர் உழைப்பின் பயனையே துய்க்கின்றனர்.